டார்ச் பிடித்தவள்

டாக்டரம்மாவுக்கு வேதமணி எழுதுவது.

போன தடவை வந்தபோது, என் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கமும் மறதியும் எப்போது தொடங்கின, எப்படி எப்படிக் கூடின என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைத் தொடங்குவதா என்று முடிவு செய்வேன் என்றீர்கள். ஒரு தாள் போதவில்லை. முப்பத்தோரு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்னமாதிரி இருக்கும். கையெழுத்து நன்றாக இருக்கும், அந்தச் சிரமம் உங்களுக்கு இல்லை.

அவர் பெயர் பிரேம்சிங் என்று உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், முறை அதுதான். இருபத்தேழு வருடம் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் எது உடைந்தாலும் எது ஒழுகினாலும் அவரைத்தான் தேடுவார்கள். பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் சங்கரன்கோவிலில். அந்த இரண்டு மாதத்திலும் முதல் பதினைந்து நாள் உறக்கம், கடைசிப் பதினைந்து நாள் பெட்டி கட்டுவது. நடுவில் மிஞ்சும் ஒரு மாதத்தில் எங்கள் மகள் எஸ்லினுக்கு அப்பாவாக இருந்து, எனக்குப் புருஷனாக இருந்து, சர்ச் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கவும் நேரம் கண்டுபிடித்துவிடுவார். குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இனிமேல் போகப் போவதில்லை என்று பெட்டியோடு வந்து இறங்கினார். எஸ்லின் அப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தாள். நானும் அடுத்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையை அப்போதுதான் தொடங்கப் போகிறோம் என்று எனக்கு ஓர் எண்ணம். ஐம்பத்துநான்கு வயதில் அப்படி ஓர் எண்ணம் வருவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தது.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் வாரம் ஒழுகிய குழாய்களைச் சரிசெய்தார். இரண்டாவது வாரம் ஒழுகாத குழாய்களைச் சரிசெய்தார். மூன்றாவது வாரம் நான் மாவாட்டப் போனால், கிரைண்டர் துண்டு துண்டாகத் துணியில் கிடக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர். "சத்தம் சரியில்லட்டி" என்றார். அதற்கும் பிறகு வேலை இல்லாமல் போனதும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். தூத்துக்குடி பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். துறைமுகத்துக்குப் போகிற பஸ் அது.

பாட்டிலுக்குள் கப்பல் செய்யச் சொன்னது நான்தான். இதை விட்டுவிடாமல் எழுத வேண்டும். எங்கள் டிவிக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நாற்பது நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் செய்து கொடுத்தது. செய்முறையையும் அத்தான் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். "நீங்களும் ஒன்னு செஞ்சு பாருங்களேன் அத்தான்" என்றேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

உங்களுக்குச் செய்முறை தெரிந்தால்தான் மற்றது புரியும். பாய்மரங்களுக்கு அடியில் சின்னக் கீல் வைத்து, எல்லாவற்றையும் படுக்கப்போட்டு, மடக்கிய குடைபோலக் கப்பலைப் பாட்டிலின் கழுத்து வழியாக உள்ளே தள்ள வேண்டும். உள்ளே ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கைப் பரப்பி, நீலம் பூசி, கடல் தயாராக இருக்கும். கப்பல் அதில் உட்கார்ந்ததும், வெளியே தொங்கும் நூல்களை மெதுவாக இழுத்தால் மரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். நீளக் குச்சியின் நுனியில் பசை தொட்டு முடிச்சுகளில் வைத்து, காய்ந்த பிறகு நூலை அறுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

நல்ல தெளிவான கண்ணாடி என்றால் அது பிராந்திப் பாட்டில்தான். குடிப்பழக்கமே இல்லாத மனிதர், துணிப்பையை எடுத்துக்கொண்டு பாருக்குப் போய், காலிப் பாட்டில்களை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தேர்ந்தெடுத்து வருவார். நான் சோடா உப்புப் போட்டுக் கழுவி, காம்பவுண்டுச் சுவரில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பேன். எதிர்வீட்டுச் சுவிசேஷமுத்து அண்ணாச்சி சர்ச் கமிட்டியில் இருப்பவர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை பைபிளோடு வந்துவிட்டார். "சிங்கு, ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிக்கவரு, பாத்துக்கோ" என்று தொடங்கி அரைமணி நேரம் உருக்கமாக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், இவர் உள்ளே போய்ப் பாதி முடிந்த கப்பலைக் கொண்டுவந்து காட்டினார். பண்ணிய ஜெபத்தை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் அறையில் எது பழுதானாலும் நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுவார்களாம். என்ன பழுது, என்ன காரணம், இனி என்ன செய்ய வேண்டும். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. தெரியவில்லை என்றும் எழுதக் கூடாது. "காரணம் இல்லாமப் பழுது வராதுட்டி. தெரியலன்னு எழுதிட்டுப் போனா அடுத்த தடவ கப்பலே போயிரும்" என்பார். பாட்டில் கப்பலுக்கும் அதேபோல ஒரு நோட்டுப் போட்டார். அந்த நடுக்கட்டத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. நோய் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் கப்பல் உள்ளேயே போகவில்லை. பாட்டிலின் வாயை அளந்தவர், வாய்க்குக் கீழே கழுத்து இன்னும் ஒடுங்குவதை அளக்கவில்லை. நோட்டில் எழுதினார். இரண்டாவது கப்பல் உள்ளே போனது, மரங்கள் எழுந்தன, கார்க் போட்டு மூடினோம். பத்தாம் நாள் பார்த்தால் கப்பல் முழுக்கப் பூஞ்சணம். பாய்மரக் கயிற்றுக்கு அவர் எடுத்தது பக்கத்துத் தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட பாவு நூல். கஞ்சி போட்ட நூல். ஈர மக்கோடு சேர்த்து மூடி வைத்ததும் முளைத்துவிட்டது. தாடி வளர்ந்த கப்பல் என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுதினார். காரணம்: கஞ்சியை வெந்நீரில் அலசாதது, மக்கு காயும்வரை பொறுக்காதது. இதெல்லாம் அவருடைய சொந்தத் தவறுகள். எனக்கு இதில் பங்கு இல்லை.

என் பங்கு டார்ச் பிடிப்பது. பாட்டிலுக்குள் இருட்டு. பக்கவாட்டிலிருந்து ஒருவர் வெளிச்சம் காட்டினால்தான் குச்சியின் நுனி தெரியும். "ஏட்டி வேதா, இங்கன வா, டார்ச்சப் பிடி" என்று கூப்பிடுவார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். என் தாடை அவர் தோளில் படும். அவர் மூச்சை நிறுத்தும்போது நானும் நிறுத்துவேன். வேலை நடுவில் கடலைப் பற்றி, கூட இருந்தவர்களைப் பற்றி, எஸ்லின் பிறந்த செய்தி கிடைத்தபோது அவர் எங்கே எந்தக் குழாய்க்கு அடியில் படுத்திருந்தார் என்பதைப் பற்றியெல்லாம் சொல்லுவார். இருபத்தேழு வருடத்தில் என்னிடம் சொல்லாததை, கப்பல் செய்த அந்த நான்கு மாதத்தில் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாவது கப்பல் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அதுதான் வினை. முடிந்த மறுநாள் காலையில் அதைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பியவர், நான்கு நாள் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திரிந்தார். டார்ச் மேஜையில் கிடந்தது. நான்காவது நாள் கடையநல்லூரிலிருந்து மைதீன் பாட்சாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மைதீன் அவரோடு கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது ஷார்ஜாவில் இழுவைப் படகுகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறார்.

"ஒரு வருஷம்தான் மைனி. அண்ணாச்சி கைக்கு அங்க ராஜ மரியாதை. இங்கன இருந்து பாட்டில நோண்டிக்கிட்டு என்ன செய்யப் போறாவ?" என்றார் மைதீன்.

நான் டீ கொடுத்தேன். இவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "நாலு மரக் கப்பல் ஒன்னு ஆரம்பிச்சிருக்கேன் மைதீனு. அத முடிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அவரை எனக்குத் தெரியும். பாதியில் விட்ட வேலை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கப்பலை முடிக்காமல் எங்கேயும் போக மாட்டார். முடித்துவிட்டால் போய்விடுவார். அப்படியானால் அது முடியக் கூடாது. அன்றைக்கு நான் யோசித்தது இவ்வளவுதான்.

நூல்களில் ஒன்றைப் பிளேடால் பாதி அறுத்து வைத்தேன். அவர் இழுத்ததும் பட்டென்று விட்டது, மரம் சாய்ந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் ஃபிட்டர் என்பதை மறந்துபோனேன். பூதக்கண்ணாடியை எடுத்து நூலின் நுனியைப் பார்த்துவிட்டு, "இது தானா அறுந்தது இல்லட்டி, அறுத்தது" என்றார். "கஞ்சி நூலுல்லா, எலியா இருக்கும்" என்றேன். கஞ்சியை அலசிய நூல்தான் என்றாலும் எலியை அவர் ஏற்றுக்கொண்டார். அன்றே எலிப்பொறி வாங்கி வந்து வடை வைத்தார். எங்கள் வீட்டில் எலி கிடையாது. ஒரு மாதம் தினமும் வடையை நானே எடுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு பொய்க்கு இத்தனை வடையா என்று எனக்கே சலிப்பாக இருந்தது.

அவர் மட்டுமா தவறிலிருந்து பாடம் படிப்பார். பிளேடு கூடாது என்று நானும் படித்துக்கொண்டேன். அடுத்த தடவை, மரத்தின் துளை வழியாக நூல் வருமிடத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வைத்தேன். தானாகத் தேய்ந்து அறுந்ததுபோலவே அறுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. காரணம்: துளையின் விளிம்பை மழுங்கடிக்காதது என்று எழுதினார். அதோடு நிற்காமல் நைலான் நூல் வாங்கி வந்துவிட்டார். அது உப்புத்தாளுக்கு மசியவில்லை.

நல்லவேளையாகப் பசை ஞாபகம் வந்தது. உடனே ஒட்டும் சின்ன டியூப் பசையை மூடிய பாட்டிலுக்குள் உபயோகிக்கக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும், துடைக்கவும் முடியாது. அவர் எப்போதும் மரவேலைக்கான வெள்ளைப் பசையைத்தான் தொடுவார். கப்பல் உள்ளே போவதற்குச் சற்று முன், அவர் கை கழுவப் போன நேரத்தில், அடித்தட்டில் அந்த டியூப்பை இரண்டு சொட்டு விட்டேன். மூடி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் கப்பல் மூடுபனிக்குள் நின்றது.

"நான் டியூப்பத் தொடவே இல்லயே" என்றார்.

"அதத்தான எடுத்தீங்க அத்தான். நான் பாத்தேனே" என்றேன்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். செய்யாத தவறை ஒரு பிள்ளை ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அடிக்கவோ அதட்டவோ கூடாது. தலையைத் தடவி, பரவாயில்லை கண்ணு, எல்லாரும் செய்வதுதான் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சொல்லும்போது பிள்ளைக்குத் தான் செய்ததாகவே ஞாபகம் வந்துவிடும். இவருக்கு இரண்டு தடவை போதுமாக இருந்தது. நோட்டை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் மறதி என்று எழுதினார். கப்பலில் கை வைப்பது வீண் வேலை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான்காவது தடவை நான் நூலையும் தொடவில்லை, பசையையும் தொடவில்லை. டார்ச்சைக் கொஞ்சம் ஆட்டினேன். மயிரிழை அளவுதான். பாட்டிலுக்குள் அவருடைய குச்சியின் நிழல் கண்ணாடியில் விழுந்து துடித்தது. கை அசையவில்லை, நிழல்தான் அசைந்தது. நிழலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நிழலைச் சரிசெய்யப் போய்க் குச்சியால் மரத்தைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி, எனக்குக் கை நடுங்குதா?"

"லேசாத்தான் அத்தான். கொஞ்ச நாளாவே இருக்கு. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கடையில் வாங்கிய சாமானைப் பார்ப்பதுபோலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் கேட்ட தேதி இதுதான். போன வருடம் பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. அடுத்த வாரம் நான் டார்ச்சை ஆட்டவில்லை, கை தானாகவே நடுங்கியது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நடுங்கும். நீங்கள் நீட்டச் சொன்னபோது நடுங்கியதே, அது நிஜ நடுக்கம்தான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் நடுங்கவில்லை, இது என்ன விசித்திரம் என்று நீங்களே சொன்னீர்கள். விசித்திரம் ஒன்றுமில்லை.

மைதீன் மறுபடி வந்தார். இவர் தாமாகவே சொன்னார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் வரல மைதீனு. கை சொல்லுபேச்சு கேக்க மாட்டேங்கு. மறதியும் வருது. எஞ்சின் ரூம்ல நான் எதையாவது மறந்தா மத்தவன் உசுருல்லா போகும்."

"யா அல்லா, என்ன அண்ணாச்சி பேசுதீய? புயல்ல ஆடுத கப்பல்ல ஏணியில தொங்கிக்கிட்டு வெல்டு வச்ச கையி இது" என்று மைதீன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சிய நல்லாப் பாத்துக்கிடுங்க மைனி" என்று என்னிடம் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதில் பொய் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வந்தார். ஷார்ஜாவுக்குப் போகாதவர் தூத்துக்குடிக்குப் போகலாம் அல்லவா. அதனால் மறதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டர் சாவி ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் இருக்கும். மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் இருக்கும். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத் தலையைத் தடவிக் கொடுப்பேன். இரண்டு மாதத்தில் ஸ்கூட்டரை விற்றுவிடச் சொன்னார். அவர் சாப்பாட்டில் நான் எதையும் கலக்கவில்லை. அந்த மாதிரிப் பெண்பிள்ளை இல்லை நான்.

கேஸ் அடுப்பு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் பகலில் அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு, பற்றவைக்காமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினேன். பிறகு உள்ளே ஓடிவந்து திருகை மூடிவிட்டு, "பால் காய்ச்ச வந்தீங்களா அத்தான்?" என்று கேட்டேன். வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வெளிய போகும்போது வீட்ட வெளிய பூட்டிட்டுப் போ, ஏட்டி. எனக்கு என்னய நெனச்சாலே பயமா இருக்கு" என்றார்.

அதிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போகிறேன். அவர் கேட்டுக்கொண்டதால்தான் பூட்டுகிறேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். இருபத்தேழு வருடம் நான் நின்ற ஜன்னல் அது.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஜனவரியில் எஸ்லின் குழந்தைக்கு எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம் நடந்தது. முதல் பேரன். தாத்தா கையில் கொடுத்துத்தான் போதகரிடம் நீட்ட வேண்டும் என்று எஸ்லினுக்கு ஆசை. அவள் குழந்தையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் மக்கா, தாத்தா போட்டுருவேன்" என்று சிரித்தார். எஸ்லின் சர்ச் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் பாவம் அந்த நல்ல நாள் கெட்டுப்போகும். அதனால் குழந்தையை நானே வாங்கி நீட்டினேன். அன்று முழுக்க இடுப்பைவிட்டு இறக்கவில்லை. என்னைப் போலவே ஜாடை.

அவருடைய நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி ஆறு பக்கங்களைப் பாருங்கள். பழுது என்ற கட்டத்தில் மரம், சாவி, கண்ணாடி, அடுப்பு, பேரன் என்று இருக்கும். காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் நேராக பிரேம்சிங் என்று இருக்கும். ஒரு கட்டத்தையும் அவர் காலியாக விடவில்லை.

இப்போது கப்பலை நான் செய்கிறேன். அந்த நாலு மரக் கப்பலைப் போன மாதம் முடித்தேன். கழுத்தை அளந்தேன், கஞ்சியை அலசினேன், மக்கு காயும்வரை மூன்று வாரம் பொறுத்தேன். அவருடைய தவறுகளையும் என்னுடைய தவறுகளையும் படித்தவளுக்கு இனி தவற ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கிறார். டார்ச்சை ஆடாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்தவளுக்குத்தான் தெரியும். அவர் அரைமணி நேரம் பிடித்தாலும் வெளிச்சம் இம்மியும் ஆடுவதில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் பார்ப்பது என் கையை. "ஒனக்கு எவ்வளவு நெதானமான கையிட்டி" என்கிறார்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் அந்த மாத்திரைதான். நீங்கள் சீட்டில் குறித்திருந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாந்தி வருமாம், தலை சுற்றுமாம், சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம். எலி இல்லாத வீட்டில் ஒரு மாதம் வடை வைத்தவர் அவர், அதையெல்லாம் தாங்க மாட்டார். நல்ல உடம்பில் மருந்தைக் கொட்டுவது பாவம். அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

இதை நீங்கள் படிக்கும்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மடியில் துண்டில் சுற்றிய பாட்டில் இருக்கும், உங்களுக்கென்று நான் செய்தது. அவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். பழுது என்ன என்று உங்களுக்கே தெரியும், காரணத்தை நான் எழுதிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்ற கட்டத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் அது சுலபம். மாத்திரை வேண்டாம், டாக்டரம்மா. நோய் இருந்துவிட்டுப் போகட்டும்.